வயிற்று டயாலிசிஸில் கணக்கு உதைக்கும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இரண்டு லிட்டர் டயாலிசிஸ் கரைசலைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விட்டோம். நான்கைந்து மணி நேரம் கழித்து 1,700 மி.லி.தான் வடிந்தது. மீதி 300 எங்கே? குழாய் அடைத்து வயிற்றிலேயே தேங்கியிருக்கலாம். வயிற்றின் உள்சவ்வு வழியாக ரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டிருக்கலாம். வயிற்றுச் சுவருக்குள்ளோ விதைப்பைக்குள்ளோ இறங்கியிருக்கலாம். உதரவிதானத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். எதுவானாலும் வீட்டு நோட்டில் விழும் பதிவு ஒன்றுதான்: 'வடிந்தது குறைவு'.

அந்தப் பதிவைப் பார்த்ததும் பச்சைப் பையிலிருந்து அதைவிட அடர்த்தியான சிவப்புப் பைக்குத் தாவுவது பரவலாக நடக்கிறது. கசிவு இருக்கும்போது அது விஷயத்தைக் கெடுக்கும். அடர்த்தி கூடிய கரைசல் உடம்பிலிருந்து இன்னும் நீரை இழுத்து வயிற்றை நிரப்பும். உள் அழுத்தம் ஏறும். ஓட்டை வழியாக இன்னும் கூடுதலாக வெளியேறும். நீர் எங்கே போனது என்று தெரியும்வரை பையின் நிறத்தை மாற்றாதீர்கள்.

இங்கே சொல்வது கையாலேயே பையை மாற்றும் வயிற்று டயாலிசிஸுக்கு (சிஏபிடி): இரட்டைக் கஃப் உள்ள டென்காஃப் கத்தீட்டர் (வயிற்றில் வைத்த குழாய்; கஃப் என்பது திசு வளர்ந்து பிடிக்கும் வளையம்), டிரான்ஸ்பர் செட் (அந்தக் குழாயின் வெளிமுனையில் பொருத்திய, திருகுள்ள இணைப்புக் குழாய்), 2 லிட்டர் ட்வின் பேக் (கரைசல் பையும் வடிகால் பையும் சேர்ந்தது). பரவலாகக் கிடைக்கும் பைகளில் மஞ்சள் 1.5%, பச்சை 2.5%, சிவப்பு 4.25% டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை, ஊதா என்றால் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் 7.5%.

நான்கு நிலைமைகளில் வீட்டில் எதையும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். மூச்சுத் திணறல், வயிற்று வலியோடு கலங்கிய நீர், தள்ளினாலும் உள்ளே போகாமல் கல்லாகி வலிக்கும் குடலிறக்கம், கழன்றோ கிழிந்தோ போன குழாய். இவற்றுக்கு உடனே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் கணக்கு சரியா என்று பாருங்கள்

வடிகால் பையைக் கண்ணால் அளக்காமல் தராசில் நிறுத்துங்கள். 1 கிலோ என்றால் ஏறக்குறைய 1 லிட்டர். காலிப் பையும் குழாய்களும் சேர்ந்த எடையை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு கழித்துவிட வேண்டும்.

இதில் ஒரு சின்னப் பொறி உண்டு. புதுக் கரைசலை வயிற்றுக்குள் விடுமுன் குழாயை அலசுகிறோம் அல்லவா, அந்த 50 முதல் 100 மி.லி.யும் வடிகால் பைக்குத்தான் போகிறது. அலசிய பிறகு நிறுத்தினால் ஒவ்வொரு மாற்றத்திலும் (பழைய நீரை வடித்துப் புதியதை விடும் ஒரு முறை) அவ்வளவு கூடுதலாகக் காட்டும். ஒரு நாளைக்கு நான்கு மாற்றம் என்றால் 200 முதல் 400 மி.லி. பொய்க் கணக்கு. நோட்டில் நீர் நன்றாக இறங்கியது போலவும், கால் மட்டும் வீங்கிக்கொண்டே போவது போலவும் இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். தினமும் ஒரே நேரத்தில், வயிற்றில் நீர் இருக்கும்போதா காலியாக இருக்கும்போதா என்பதையும் மாற்றாமல், உடல் எடையையும் குறிக்க வேண்டும். ஒரே ஒரு மாற்றத்தில் 200 மி.லி. குறைந்தால் கவலை இல்லை, அடுத்ததில் சேர்ந்து வந்துவிடும். ஒரு நாள் முழுக்கக் கூட்டியும் குறைகிறது என்றால்தான் தேட வேண்டும்.

உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது

வடிய 20 முதல் 30 நிமிடம் போதும். அதைத் தாண்டியும் சொட்டுச் சொட்டாக வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. வடிகால் குழாயின் கிளாம்ப், டிரான்ஸ்பர் செட்டின் திருகு இரண்டும் முழுதாகத் திறந்திருக்கின்றனவா?
2. இடுப்புப் பட்டைக்கு உள்ளேயோ பிளாஸ்திரிக்கு அடியிலோ குழாய் மடிந்திருக்கிறதா?
3. வடிகால் பை தரையில் இருக்கிறதா? ஸ்டூல் மேல் வைத்தால் ஓட்டம் குறையும்.
4. எழுந்து நில்லுங்கள், இடது வலது என்று திரும்பிப் படுங்கள், இரண்டு முறை இருமுங்கள். சிறுநீர் இன்னும் போகிறவர் என்றால் போய்விட்டு வந்து பாருங்கள். நிரம்பிய மூத்திரப்பை குழாயின் நுனியை அழுத்தும்.
5. கடைசியாக மலம் போனது எப்போது?

நன்றாக உள்ளே போய் வெளியே வராத சிக்கலில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி இந்த ஐந்தாவதுதான். கெட்டிப்பட்ட மலம் நிறைந்த குடல் குழாயின் பக்கத் துளைகளை அமுக்கும், அல்லது நுனியை இடுப்புக் குழியிலிருந்து மேலே தள்ளிவிடும். 'தினமும் போகிறது' என்ற பதிலை அப்படியே நம்பிவிட முடியாது; கொஞ்சமாக, கெட்டியாகப் போவதும் மலச்சிக்கல்தான். மலமிளக்கியான லாக்டுலோஸ் 15 முதல் 30 மி.லி. வரை, மருத்துவர் சொன்ன அளவில், இளகிப் போகும்வரை எடுக்கலாம். மில்க் ஆஃப் மெக்னீசியாவும் பாஸ்பேட் எனிமாவும் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ஆகாது. மெக்னீசியமும் பாஸ்பேட்டும் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் ஏறிவிடும். இசப்கோலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதால் நீர்க் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு அது தோதுப்படாது.

மலம் கழிந்தும் சரியாகாவிட்டால் வயிற்று எக்ஸ்ரே ஒன்று எடுப்பார்கள். குடலில் எவ்வளவு மலம் நிற்கிறது, குழாயின் நுனி எங்கே இருக்கிறது என்ற இரண்டும் அந்த ஒரே படத்தில் தெரியும். நுனி இடுப்புக் குழியில் இருக்க வேண்டும். விலா எலும்புக்கு அருகே ஏறியிருந்தால் இடம் பெயர்ந்துவிட்டது என்று அர்த்தம். நுனி சரியான இடத்தில் இருந்தும் வடியவில்லை என்றால் ஓமென்டம் என்ற கொழுப்புச் சவ்வு துளைகளைச் சுற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அதை லேப்ராஸ்கோப்பியில் விடுவிப்பார்கள்.

உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை என்றால் கதை வேறு. பை வாயிலுள்ள முத்திரை பாதிதான் உடைந்திருக்கும், குழாய் மடிந்திருக்கும், அல்லது ஃபைப்ரின் அடைத்திருக்கும். ஃபைப்ரின் என்பது வடிநீரில் மிதக்கும் வெள்ளை நூல். எப்போதாவது ஓர் இழை வந்தால் பொருட்டில்லை. திரிதிரியாக வந்தால் லிட்டருக்கு 500 முதல் 1,000 யூனிட் ஹெப்பாரினை (உறையாமல் தடுக்கும் மருந்து) பையில் சேர்க்கச் சொல்வார்கள். வயிற்றில் விடும் இந்த அளவு ரத்தத்துக்குள் பெரிதாகப் போவதில்லை, ரத்தப்போக்கு வருமோ என்று பயப்பட வேண்டாம். வீட்டில் யாரும் சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்க்கக் கூடாது. உறிஞ்சும் விசையே ஓமென்டத்தைத் துளைக்குள் இழுத்துவிடும்.

இன்னொன்று: பாதிக்கும் குறைவாக வடிந்த வயிற்றில் அடுத்த இரண்டு லிட்டரை ஏற்றாதீர்கள். மூச்சு முட்டும், புதிதாகக் கசிவும் தொடங்கும்.

எக்ஸிட் சைட்டில் (குழாய் தோலிலிருந்து வெளியே வரும் இடத்தில்) துணி நனைகிறது

ஈரம் எல்லாம் கசிவல்ல. வியர்வை, குளித்த தண்ணீர், சீழ், டிரான்ஸ்பர் செட் இணைப்பிலிருந்து இறங்கிய சொட்டு, எல்லாமே ஒரே இடத்தைத்தான் நனைக்கும்.

கையைக் கழுவி, மாஸ்க் போட்டுக்கொண்டு, பழைய டிரஸ்ஸிங்கை எடுங்கள். தோலையும் குழாயையும் கிருமி நீக்கிய காஸால் ஒற்றி உலர்த்துங்கள். எக்ஸிட் சைட்டில் உலர்ந்த காஸ் ஒன்று, டிரான்ஸ்பர் செட் இணைப்பைச் சுற்றி டிஷ்யூ ஒன்று வைத்து, வயிற்றில் நீர் இருக்கும்போது கால் மணி நேரம் நடந்துவிட்டு வந்து பாருங்கள். இணைப்பில் சுற்றியது நனைந்தால் குழாய்ச் சிக்கல்; கடைசிப் பகுதிக்குப் போங்கள். எக்ஸிட் சைட் காஸ் மட்டும் தெளிந்த நீரால் நனைந்தால், சிறுநீர்ச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை அந்த ஈரத்தில் தொடுங்கள். புது 1.5% கரைசலில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 1,360 மி.கி. சர்க்கரை உண்டு, நான்கு மணி நேரம் கழித்தும் சில நூறு மி.கி. மிஞ்சியிருக்கும். எனவே கசிவாக இருந்தால் ஸ்ட்ரிப் அதன் கடைசி நிறத்துக்கே போய்விடும். வியர்வைக்கும் குளித்த தண்ணீருக்கும் அப்படி மாறாது.

ஊதாப் பை உள்ளே இருக்கும்போது இந்தச் சோதனை ஏமாற்றும். ஐகோடெக்ஸ்ட்ரினில் இருப்பது குளுக்கோஸ் அல்ல, அதனால் மஞ்சளோ பச்சையோ இருக்கும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். ஊதாப் பை போடும் சர்க்கரை நோயாளிகள் இதோடு இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சில வகை குளுக்கோமீட்டர்கள் அதன் சிதைவுப் பொருளான மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணி ரத்தச் சர்க்கரையை ஏற்றிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். உங்கள் மீட்டரின் ஸ்ட்ரிப் ஐகோடெக்ஸ்ட்ரினோடு ஒத்துப்போகுமா என்று யூனிட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கசிவுதான் என்று தெரிந்தால் வயிற்றை முழுதாக வடித்துக் காலியாக வையுங்கள், மல்லாந்து படுங்கள், யூனிட்டைக் கூப்பிடுங்கள். இறுக்கிக் கட்டி அடைக்க முயலாதீர்கள். எக்ஸிட் சைட்டில் தையல் போட்டு நிறுத்துவதும் சரியல்ல. நீர் வெளியே வராமல் தோலுக்கு அடியில் தேங்கும், குழாய் தோலுக்கடியில் செல்லும் சுரங்கப் பாதையில் கிருமி பிடிக்கும்.

குழாய் வைத்த முதல் 30 நாளுக்குள் வருவதை முன்கசிவு என்பார்கள். உள் கஃப்பைச் சுற்றித் திசு வளர்ந்து பிடிக்குமுன் வயிற்றை நிரப்பிவிட்டதுதான் பெரும்பாலும் காரணம். அதனால்தான் இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். யூரியா ஏறி, காத்திருக்க முடியாத நிலை என்றால் படுத்த நிலையில் மட்டும், 500 மி.லி. முதல் 1 லிட்டர் வரை விட்டுத் தொடங்குவார்கள். எழுந்து நடக்கும் நேரத்தில் வயிறு காலியாக இருக்கும். நடுக்கோட்டில் கீறி வைத்த குழாய், பருமனான வயிறு, ஸ்டீராய்டு மாத்திரை, பல பிரசவங்களால் தளர்ந்த வயிற்றுச் சுவர் ஆகியவை கசிவுக்கு வழிவிடும்.

முன்கசிவுக்கு முதல் மருந்து ஓய்வு. ஒன்று முதல் மூன்று வாரம் வயிற்றைச் சும்மா விட்டால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். சிறுநீர் ஓரளவு போகிறவர் இந்த இடைவெளியைத் தாங்கிவிடுவார். மற்றவர்களுக்குத் தற்காலிகமாக ரத்த டயாலிசிஸ் தேவைப்படும். திரும்பத் தொடங்கும்போது நேரே 2 லிட்டருக்குப் போகாமல் சிறிய அளவில், படுத்த நிலையில் ஆரம்பிக்க வேண்டும். மறுபடியும் கசிந்தால் வேறு இடத்தில் புதுக் குழாய் வைப்பதுதான் வழி.

வெளியே ஈரமில்லை, வயிறோ விதைப்பையோ வீங்குகிறது

மாதங்கள் கழித்து வரும் பின்கசிவு வெளியே சொட்டுவதில்லை. வடிவது குறையும், எடை ஏறும், வயிறு ஒரு பக்கம் தூக்கலாகத் தெரியும், ஆனால் காலில் அந்த அளவு வீக்கம் இருக்காது. பாவாடை நாடாவோ வேட்டிக் கட்டோ பதிந்த தடம் இடுப்பில் ஆழமாக, அவிழ்த்து வெகு நேரமாகியும் மறையாமல் நிற்கும். தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாகத் தெரியும். இரவு ஒருக்களித்துப் படுத்த பக்கம் காலையில் தடித்திருந்தால் சந்தேகம் பலமாகிறது: வயிற்றுச் சுவரின் அடுக்குகளுக்குள் நீர் புகுந்திருக்கிறது.

விதைப்பையோ பெண்ணுறுப்பின் இதழ்களோ வீங்கினால் இரண்டு பாதைகள் இருக்கலாம். பிறவியிலேயே மூடாமல் விட்டுப்போன தொடையிடுக்குப் பாதை ஒன்று. குழாயைச் சுற்றிக் கசிந்து வயிற்றுச் சுவருக்குள்ளாகவே கீழே இறங்குவது மற்றொன்று. முன்னதை அறுவை செய்து மூட வேண்டும், பின்னதற்கு ஓய்வே போதும் என்று ஆகலாம். கையால் தொட்டு மட்டும் பிரித்துச் சொல்வது கடினம். 2 லிட்டர் பையில் 100 மி.லி. அளவு, ஸ்கேனில் தெரியும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கலந்து உள்ளே விட்டு, நோயாளியை ஓரிரண்டு மணி நேரம் நடமாட வைத்து, பிறகு சிடி எடுத்தால் நீர் போன வழி வெளிச்சமாகத் தெரியும். அந்த நடமாட்டத்தைத் தவிர்த்துவிட்டு உடனே ஸ்கேன் எடுத்தால் சிறிய கசிவு படத்தில் தப்பிவிடும். ஸ்கேன் அறையில் அவசரப்படுத்தினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

அதுவரை வயிற்றைக் காலியாக வைத்து, படுத்து, விதைப்பைக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து உயர்த்துங்கள். வயிற்றின் உள் அழுத்தம் படுக்கும்போது குறைவு, நிற்கும்போது கூடும், உட்காரும்போது அதைவிடக் கூடும். இருமல், முக்கல், குடம் தூக்குவது எல்லாம் அதன் உச்சம். இரவில் படுத்தபடியே இயந்திரத்தில் சிறு அளவுகளில் மாற்றி, பகலில் வயிற்றைக் காலியாக விடும் முறைக்கு மாற்றுவது இந்தக் காரணத்தால்தான். தொப்புள் அல்லது தொடையிடுக்குக் குடலிறக்கம் இருந்தால் தள்ளிப்போடாமல் சரிசெய்வது நல்லது. பெரும்பாலும் வலை வைத்துத் தைப்பார்கள், பிறகு குறைந்த அளவில் படுத்த நிலையில் டயாலிசிஸ் தொடரும்.

படுத்தால் மூச்சு வாங்குகிறது, வடிவதும் குறைகிறது

உடம்பில் நீர் ஏறியிருக்கிறது என்று எண்ணிச் சிவப்புப் பை போடுவதற்கு மிகவும் தூண்டும் அறிகுறி இதுதான், அதனால் மிகவும் ஆபத்தானதும் இதுதான். உதரவிதானத்தில் நுண்ணிய ஓட்டை இருந்தால் நீர் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறும், பெரும்பாலும் வலது பக்கம். சிவப்புப் பை போட்ட பின் மூச்சுத் திணறல் கூடினால் அதுவே ஒரு தடயம்.

மற்றக் கசிவுகளுக்குப் படுப்பது நல்லது. இதற்கு மட்டும் படுக்கக் கூடாது, படுத்தால் இன்னும் மேலே ஏறும். நிமிர்ந்து உட்கார்ந்து, வயிற்றை முழுதாக வடித்து, அடுத்த பையை நிரப்பாமல் மருத்துவமனைக்குப் போங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் மட்டும் நீர் தெரியும். ஊசியால் எடுத்த அந்த நீரின் சர்க்கரை, அதே நேரத்து ரத்தச் சர்க்கரையைவிட 100 மி.லி.க்கு 50 மி.கி.க்கு மேல் கூடுதலாக இருந்தால் அது டயாலிசிஸ் நீர்தான். இதய பலவீனத்தால் சேரும் நீரில் அப்படி ஏறாது. டயாலிசிஸை நிறுத்தினாலே நீர் வற்றத் தொடங்கும். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் உறைகளை ஒட்டவைக்கும் ப்ளூரோடெசிஸ் செய்வார்கள், அல்லது கேமரா வழியாக ஓட்டையைத் தைப்பார்கள். எதுவும் சரிவராதவர் ரத்த டயாலிசிஸுக்கு மாற வேண்டியிருக்கும்.

வடிநீரின் நிறம் மாறுகிறது

வடிகால் பைக்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடியுங்கள். எழுத்து படிக்க முடிந்தால் தெளிவு. அரிசி கழுவிய நீர் போல மங்கினால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது பெரிடோனைட்டிஸ், அதாவது வயிற்றுச் சவ்வில் கிருமித் தொற்று. வலியோ காய்ச்சலோ இல்லை என்று ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டாம். பையைக் கொட்டாதீர்கள், கிளாம்ப் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி பிடிபடாமல் போகலாம்.

குறைந்தது இரண்டு மணி நேரம் வயிற்றில் தங்கிய நீரில், மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளணுக்கள், அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் வகை என்றால் தொற்று. கல்ச்சருக்கு 5 முதல் 10 மி.லி. நீரை ரத்தக் கல்ச்சர் பாட்டிலிலேயே போட வேண்டும். சாதாரணக் குப்பியில் அனுப்பினால் 'கிருமி இல்லை' என்ற அறிக்கை வருவது கூடும். மாதிரி எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், ஆன்டிபயாடிக்கைப் பைக்குள் கலந்து தொடங்கிவிடுவார்கள். நாளுக்கு ஒருமுறை கலக்கும் முறையில் அந்தப் பை குறைந்தது ஆறு மணி நேரம் வயிற்றில் இருக்க வேண்டும். ஐந்து நாளாகியும் நீர் தெளியவில்லை, அணு எண்ணிக்கையும் இறங்கும் போக்கில் இல்லை என்றால் குழாயை எடுப்பதுதான் முறை. பூஞ்சைத் தொற்று என்று தெரிந்தால் அந்த ஐந்து நாளும் கிடையாது, உடனே எடுக்க வேண்டும்.

பால் போல வெளுத்து, வலியே இல்லாமல் இருந்தால், புதிதாகத் தொடங்கிய ரத்த அழுத்த மாத்திரையின் பெயரைப் பாருங்கள். லெர்கானிடிபைன் போன்ற கால்சியம் தடுப்பு மாத்திரைகள் இப்படிச் செய்வதுண்டு. மாத்திரையை மாற்றினால் தெளியும். இருந்தாலும் ஒருமுறை அணு எண்ணிப் பார்த்த பிறகே அப்படி முடிவு கட்ட வேண்டும்.

சிவப்பு பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் ஓரிரு மி.லி. ரத்தமே பையைச் சிவக்க வைக்கப் போதும். மாதவிடாய், கருமுட்டை வெளியேறும் நாள், கனமானதைத் தூக்கியது ஆகியவற்றால் வருவது, சூடுபடுத்தாத பைகள் இரண்டு மூன்றால் அலசினால் வெளிறிவிடும். கட்டி அடைக்காமலிருக்க ஹெப்பாரின் சேர்ப்பார்கள். வெளிறாமல் அடர்ந்துகொண்டே போனாலோ தலைசுற்றினாலோ மருத்துவமனைக்குப் போங்கள். பல வருடங்களாக வயிற்று டயாலிசிஸில் இருப்பவருக்குத் திரும்பத் திரும்பச் சிவந்து, பசி குறைந்து, வாந்தியும் வந்தால் சவ்வு தடித்துக் குடலைச் சுற்றும் நோயை நினைக்க வேண்டும்.

உள்ளே போகும்போது வலி, தோள்பட்டையில் வலி

கரைசலின் அமிலத் தன்மை, வெப்பம், வேகம் மூன்றும் வலிக்கக் காரணம். பையைத் தாழ்த்தி மெதுவாக விடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் சில இடங்கள் கொதிநிலைக்குப் போய்விடும், பையின் வெளிப்புறம் தொட்டால் தெரியாது. தோளில் குத்தினால் குழாயில் இருந்த காற்று உதரவிதானத்துக்கு அடியில் சேர்ந்திருக்கிறது; ஓரிரு நாளில் உறிஞ்சப்பட்டுவிடும், அலசும் படியைச் சரியாகச் செய்தால் மறுபடி வராது.

ஓட்டையும் இல்லை, அடைப்பும் இல்லை, ஆனாலும் நீர் இறங்கவில்லை

மேலே சொன்னவை எல்லாம் கழிந்த பிறகுதான் சவ்வைக் குறை சொல்ல வேண்டும். 4.25% பையை நான்கு மணி நேரம் வைத்து வடித்தால், விட்டதற்கு மேல் 400 மி.லி. கூட வரவில்லை என்றால் வடிகட்டும் திறன் குறைந்திருக்கிறது. சர்க்கரையைச் சவ்வு சீக்கிரமே உறிஞ்சிவிடுவதால் இழுக்கும் விசை போய்விடுகிறது. தங்கும் நேரத்தைக் குறைத்து மாற்றங்களைக் கூட்டுவார்கள். இரவின் நீண்ட தங்கலுக்கு ஊதாப் பை கொடுப்பார்கள். உப்பைக் கட்டுப்படுத்தாதவருக்கு எந்தப் பையும் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இணைப்பு கழன்றது, குழாயில் கீறல்

உடம்புக்கும் பழுதான இடத்துக்கும் நடுவே கிளாம்ப் போடுங்கள். கிளாம்ப் இல்லையென்றால் குழாயை மடித்து விரலால் இறுக்கிப் பிடியுங்கள். கழன்ற முனையைத் துடைத்து மீண்டும் பொருத்த வேண்டாம், கிருமி நீக்கிய காஸில் சுற்றுங்கள். அதன் வழியாக ஒரு சொட்டும் உள்ளே விடாதீர்கள். திருகு மூடிய நிலையில் வெறும் மூடி விழுந்திருந்தால் டிரான்ஸ்பர் செட்டை மாற்றினால் போதும். திறந்த குழாயில் நீர் உள்ளே போயிருந்தாலோ எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று தெரியாவிட்டாலோ தடுப்பு ஆன்டிபயாடிக்கும் தருவார்கள். அதனால் என்ன நடந்தது என்பதைக் கூச்சப்படாமல் அப்படியே சொல்லுங்கள்.

கீறல் எக்ஸிட் சைட்டிலிருந்து தள்ளி இருந்தால் அந்தத் துண்டை வெட்டி, புது முனை பொருத்திக் குழாயைக் காப்பாற்றிவிடலாம். தோலுக்கு அருகே என்றால் முடிவதில்லை. பெரும்பாலான கீறல்கள் பிளாஸ்திரி வெட்டும் கத்தரிக்கோலால் வருபவை. குழாய்க்குப் பக்கத்தில் கத்தரிக்கோலைக் கொண்டுபோக வேண்டாம், பிளாஸ்திரியைக் கையால் கிழியுங்கள். டிரான்ஸ்பர் செட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசியாக மாற்றிய தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.